அப்பாவின் பழைய கிரிக்கெட் பேட்: தேய்க்கலாமா, அப்படியே விடலாமா?

சுவாமிமலை சேகர் கேட்டது:

வணக்கம். சுவாமிமலையில் எங்கள் பழைய ஓட்டு வீட்டில் மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் விட்டிருந்தோம். பரணைக் காலி செய்தபோது, பித்தளைத் தவலைக்கும் கொலுப்படிப் பலகைகளுக்கும் நடுவில், வேட்டி ஒன்றில் சுற்றிக் கட்டிய கிரிக்கெட் பேட் ஒன்று கிடைத்தது. அப்பாவுடையது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்தபோது ஆடியது. அவருக்கு வருகிற தை மாதம் எழுபது வயதுக்கான பீமரத சாந்தி. அன்றைக்கு இதைச் சுத்தம் செய்து கூடத்தில் மாட்டி அவருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. இப்போதைக்கு அவருக்குத் தெரியாது. என் தங்கை வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

இதில் ஒரு கதையும் உண்டு. 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97 அடித்தாரே, அந்த டெஸ்டுக்கு அப்பா ரயிலேறிப் போனார். அப்போது அவருக்கு இருபது வயது. பேட்டையும் தூக்கிக்கொண்டு போய் அதில் விஸ்வநாத்திடம் கையெழுத்து வாங்கினேன் என்பார். நாங்கள் யாரும் நம்பியதில்லை. இப்போது பார்த்தால் மெய்யாகவே பேட்டின் முகத்தில், முத்திரைக்குக் கீழே, ஒரு கையெழுத்து இருக்கிறது. ஒரு கோடும் இரண்டு சுழியும், அவ்வளவுதான் தெரிகிறது. அம்மாவைக் கூப்பிட்டு ரகசியமாகக் காட்டினேன். "இது அவங்க காலேஜ் பி.டி. மாஸ்டர் கையெழுத்துடா, பேட் காணாமப் போகாம இருக்கப் போட்டது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சரி, பேட்டின் நிலைமை. மரம் வெல்லப்பாகு நிறத்தில் இருக்கிறது, தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கிறது. முத்திரையில் 'மீரட்' என்ற சொல் மட்டும் படிக்க முடிகிறது. அடியில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு விரிசல். நூல் சுற்று இரண்டு இடத்தில் பிரிந்திருக்கிறது. கிரிப் உருகித் தார் மாதிரி வேட்டியோடு ஒட்டிக்கொண்டது. கைப்பிடி கொஞ்சம் ஆடுகிறது. பின்பக்கம் சாம்பல் நிறத்தில் பூஞ்சணப் புள்ளிகள். குண்டூசி குத்தின மாதிரி ஏழெட்டு ஓட்டைகளும் இருக்கின்றன, தட்டினால் மாவு கொட்டுகிறது. முகத்திலும் ஓரத்திலும் சிவப்புப் பந்துத் தடங்கள்.

ஒரு தப்பும் செய்துவிட்டேன். பேட்டுக்கு எண்ணெய் போடுவார்கள் என்று எங்கேயோ கேட்ட ஞாபகத்தில், கிடைத்த அன்றைக்கே சாயங்காலம் தேங்காய் எண்ணெயைத் தடவினேன். நல்லவேளையாகப் பின்பக்கத்தில்தான். மறுநாள் காலையில் பார்த்தால் சுவரிலிருந்து பேட் வரைக்கும் எறும்பு வரிசை.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிப்பதா? வேறு வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மாயூரம் எக்ஸ்பிரஸ்:

ரொம்ப யோசிக்காதீங்க சகோ. 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220. ஓட்டையில் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைச்சிடுங்க. மேலே ரெண்டு கை வார்னிஷ். கிரிப் ஆன்லைனில் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. புதுசு மாதிரி மின்னும். என் பேட்டை இப்படித்தான் வருஷா வருஷம் செய்கிறேன்.


கீழவாசல் தாத்தா:

சேகர் தம்பி, முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். மாயூரம் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. நாளைக்கு ஆடப் போகிற பேட்டுக்கு அவர் சொல்வதில் பாதி சரி. இது ஆடப் போகிற பேட் இல்லை.

நான் தஞ்சாவூரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் முப்பது வருஷம் பேட் ரிப்பேர் பார்த்தவன். கைப்பிடி மாற்றுவது, நூல் சுற்றுவது, புது பேட்டுக்கு எண்ணெய் காட்டிச் சுத்தியலால் தட்டிப் பழக்குவது எல்லாம் கடைக்குப் பின்னால் ஒரு சந்தில். 1982 அல்லது 83 இருக்கும். ஒரு வாத்தியார் பழைய பேட் ஒன்றைக் கொண்டுவந்து, "கொஞ்சம் சுத்தம் பண்ணிக் கொடுப்பா" என்றார். தேய்த்தேன். அடியிலிருந்து வெள்ளை மரம் வர வர எனக்கு ஒரே குஷி. பாலிஷ் போட்டு, மஞ்சள் கிரிப் மாட்டி நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பின்னாடி பென்சிலில் பதினோரு பேர் எழுதியிருந்துதே?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். பன்னிரண்டு ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த எழுத்தை நான் பார்க்காமல் இல்லை. அழுக்கு என்று நினைத்தேன்.

அதனால் சொல்கிறேன், எது அழுக்கு, எது அப்பா ஆடிய அடையாளம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தூசி, பூஞ்சணம், பிசுக்கு, நீங்கள் தடவிய தேங்காய் எண்ணெய் இந்த நாலும் போக வேண்டும். பந்துத் தடம், எண்ணெய் ஏறிய நிறம், பழைய நூல், முத்திரை, கையெழுத்து எதுவும் போகக் கூடாது. யார் போட்ட கையெழுத்தாக இருந்தாலும் சரி.

எண்ணெய் விஷயம். பேட்டுக்குப் போடுவது ஆளி விதை எண்ணெய். பெயின்ட் கடையில் லின்சீடு ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். அது காற்றுப் பட்டால் காயும். பால் ஆறும்போது ஆடை கட்டுகிற மாதிரி கெட்டியாகி மரத்தோடு நின்றுவிடும். தேங்காய் எண்ணெய் எத்தனை வருஷமானாலும் காயாது. தூசியைப் பிடிக்கும், சிக்கு நாற்றம் அடிக்கும், எறும்பைக் கூப்பிடும். நீங்களே பார்த்துவிட்டீர்கள். வில்லோ மென்மையான மரம், பந்து பட்டு நார் நாராகப் பிளக்காமல் இருக்கத்தான் ஆளி எண்ணெய். ஆடாத பேட்டுக்கு அது தேவையில்லை. உங்கள் பேட் வெல்லப்பாகு நிறத்தில் இருக்கிறது என்றால், உங்கள் அப்பா அந்தக் காலத்திலேயே அளவுக்கு மேல் குடிக்கக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். எல்லோரும் அப்படித்தான். ஒரு டீஸ்பூன் போதும் என்றால் ஒரு கரண்டி ஊற்றுவார்கள். பிசுபிசுப்பு அதனால் வந்தது. இன்னும் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

எண்ணெய்ப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் ஆகும். ஆளி எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். ஈர வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே சூடேறிப் புகைவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இந்தத் துணியும் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

இப்போது வேலை. வீட்டுக்கு வெளியே, நிழலில் வைத்துச் செய்யுங்கள். பூஞ்சணத் தூள் மூக்கில் ஏறும், முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிக்கிற மெத்தென்ற பிரஷ், புதுசாக ஒன்று வாங்கி, மரத்தின் ரேகை போகிற திசையிலேயே தூசியைத் தள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் பட்ட இடத்தில் சாக்கட்டியைப் பொடித்துத் தூவி ஒரு ராத்திரி விட்டுக் காலையில் தட்டிவிடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் மேலாக இருக்கிற எண்ணெயை அது இழுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கிற பிசுக்குக்கு, பழைய பனியன் துணியில் டர்பன்டைன் கொஞ்சம் தொட்டு, துணி ஈரமாக இருக்கிறது என்றே தெரியாத அளவுக்குப் பிழிந்து, ஒற்றி ஒற்றி எடுங்கள். முதலில் அடிப்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் செய்துபார்த்துவிட்டு மேலே போங்கள். அடுப்புப் பக்கம் போக வேண்டாம். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். மரம் ஊதும், ரேகை எழும்பும்.

கையெழுத்தைச் சுற்றி ஒரு அங்குலம் யாரும் தொடக் கூடாது. அது என்ன மை என்று கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். பேட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கோடு குழிந்து, பளபளப்பாக, ஓரம் வெட்டினாற்போல் இருந்தால் பால்பாயின்ட். அது டர்பன்டைனிலும் ஸ்பிரிட்டிலும் கரையும். ரேகை வழியாகக் கோழி இறகு மாதிரி கசிந்திருந்தால் ஊற்றுப் பேனா. அது தண்ணீரில் போய்விடும்.

வேலைக்கு முன்னால் இன்னொன்றும் பாருங்கள். எழுபதுகளில் பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய பேட்டுகளும் வர ஆரம்பித்தன. ஓரத்தில் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக உரிகிறதா? உரிந்தால் எனக்குச் சொல்லுங்கள், அது வேறு கதை.

கைப்பிடி ஆடுவதற்குப் பயப்பட வேண்டாம். பிரம்புக் கைப்பிடியை வி மாதிரி சீவி, மரத்தில் அதே மாதிரி வெட்டிய பள்ளத்தில் இறக்கி, அந்தக் காலத்தில் பெரும்பாலும் வஜ்ஜிரம் என்கிற தோல் பசை வைத்து ஒட்டுவார்கள். வஜ்ஜிரத்துக்கு ஈரம் ஆகாது. ஐப்பசியில் இளகுவதைப் பார்த்துவிட்டு ஃபெவிகாலை ஊற்றினால் பிறகு யாராலும் கழற்ற முடியாது. தை வரட்டும், காய்ந்த பிறகும் ஆடினால் வஜ்ஜிரம் வைத்தே ஒட்டலாம். சூடும் ஈரமும் காட்டினால் திரும்ப எடுத்துவிடலாம் என்பது அதன் நல்ல குணம்.

கிரிப் போனது போனதுதான். ரப்பர் கெட்டுவிட்டால் திரும்பாது. இழுக்காதீர்கள், பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். அடியில் நூல் சுற்று இருக்கும், அதை வெட்டிவிடக் கூடாது. ஒட்டுகிற இடத்தில் முகப்பவுடர் தூவினால் போதும். புது கிரிப் போடாதீர்கள். அதுவும் பத்து வருஷத்தில் உருகி இதே கதைதான். நூல் தெரிய வெறும் கைப்பிடியாக மாட்டினால் அழகாகவும் இருக்கும்.

மீரட் முத்திரை என்றால், 1947க்குப் பிறகு சியால்கோட்டிலிருந்து வந்தவர்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் உட்கார்ந்து வளர்த்த தொழில். மரம் அநேகமாகக் காஷ்மீர் வில்லோவாக இருக்கும். இங்கிலாந்து வில்லோவைவிடக் கொஞ்சம் கனம், நிறமும் மட்டு. ஆனால் நம் ஊர்ப் பையன்கள் ஆரம்பித்ததே தென்னை மட்டையில்தானே. அதனால்தான் எனக்கு இன்றைக்கும் பேட் என்பதைவிட மட்டை என்பதுதான் சரியான பெயராகத் தெரிகிறது.

ஓட்டையில் மாவு கொட்டுகிறது என்றீர்களே, அது மட்டும்தான் எனக்குக் கவலை. அதற்கு என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.


சுவாமிமலை சேகர்:

தாத்தா, நன்றி. அச்சடித்து வைத்துக்கொண்டேன்.

பூச்சு எதுவும் உரியவில்லை, வெறும் மரம்தான். டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தேன். கோழி இறகு மாதிரியேதான் கசிந்திருக்கிறது, ஊற்றுப் பேனா. நீலமாக இருந்து பழுப்பாகிவிட்டது போல.

சாக்கட்டித் தூள் நாலு தடவை போட்டேன். முதல் தடவை எடுத்தபோது மஞ்சளாக, பிசைந்த மாவு மாதிரி வந்தது. கடைசித் தடவை உலர்ந்து வெள்ளையாகவே கொட்டியது. எறும்பு நின்றுவிட்டது. பூஞ்சணமும் பிரஷ்ஷுக்கே போய்விட்டது, மரத்தில் நிழல் மாதிரி கறை மட்டும் இருக்கிறது. விட்டுவிட்டேன்.

நூல்தான் கைகொடுக்கவில்லை. பிரிந்த நுனியைத் திரும்பச் சுற்றி முடிச்சுப் போட்டால் முடிச்சு துருத்திக்கொண்டு நிற்கிறது. பழைய சுற்றில் முடிச்சே தெரியவில்லை. எப்படிச் செய்தார்கள்?

மாவு இன்னும் கொட்டுகிறது. மண்ணெண்ணெயை ஊசியில் ஏற்று என்கிறார் எங்கள் ஊர் ஆசாரி. செய்யலாமா?


கீழவாசல் தாத்தா:

முடிச்சு கிடையாது தம்பி. தனி நூல் ஒன்றை எடுத்து இரண்டாக மடித்து, அந்த மடிப்புக் கண்ணை பேட் மேல் படுக்க வையுங்கள். சுற்றுகிற நூலை அதன் மேலேயே இழுத்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டு வாருங்கள், ஒரு சுற்றோடு அடுத்த சுற்று ஒட்டி உட்கார வேண்டும். கடைசி ஏழெட்டுச் சுற்று அந்த மடித்த நூலின் மேல் வர வேண்டும், கண் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். முடிகிற நுனியைக் கண்ணில் கோத்துவிட்டு, மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு நுனிகளையும் சேர்த்து இழுங்கள். கண் நுனியையும் கவ்விக்கொண்டு சுற்றுக்கு அடியில் போய்விடும். வெளியே வருகிற நுனியை நறுக்கிவிடுங்கள். நூலில் முன்னாடியே தேன்மெழுகு தடவிக்கொண்டால் வழுக்காது. பழைய நூல் நீளம் போதுமானால் அதையே சுற்றுங்கள். அடி விரிசலுக்கும் இதே வைத்தியம்தான், பசை வேண்டாம்.

மண்ணெண்ணெய் வேண்டாம். கறை பிடிக்கும், நாற்றம் போகாது.


வீணை வீடு:

சேகர் அண்ணா, தாத்தா என்னைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வீணைத் தொழில். எங்கள் மரம் பலா, உங்கள் மரம் வில்லோ. மரத்தைத் துளைக்கிற வண்டுக்கு அந்த வித்தியாசமெல்லாம் பெரிதில்லை. பலாவில் வைரம் பாய்ந்த பகுதியை அது அவ்வளவாகத் தொடாது, வெளுப்புப் பகுதியை விடாது. வில்லோ முழுக்கவே அதற்கு வெளுப்பு மாதிரிதான். பிரம்பென்றால் இன்னும் இஷ்டம். அதனால் கைப்பிடியையும் பாருங்கள், ஓட்டை பேட்டில் மட்டும் இருக்காது.

ஆனால் முதலில் அது உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டை பழசாக இருக்கலாம், உள்ளே தங்கின மாவு தட்டும்போதெல்லாம் கொட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் செய்வது இதுதான். எல்லா மாவையும் தட்டிவிட்டு, கறுப்புக் காகிதத்தின் மேல் ஓட்டை கீழ்ப்பக்கம் பார்க்க மரத்தைத் தூக்கி வைத்து, பத்து நாள் அசைக்காமல் விடுவோம். காகிதத்தில் மைதா மாதிரி சின்னக் கூம்பு விழுந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. ஓட்டையைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுவைக்கச் சொல்வார்கள், உங்கள் பேட்டில் அதைச் செய்யாதீர்கள். போட்டோ எடுத்து எண்ணிக்கொள்ளுங்கள்.

இருந்தால் குளிர்தான் மருந்து. அருங்காட்சியகங்களிலும் மரச் சாமான்களுக்கு இதைச் செய்கிறார்கள். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் இருந்தால் முட்டை, புழு, வண்டு எதுவும் தப்பாது. வீட்டு ஃப்ரிட்ஜில் பேட் நுழையாது. ஐஸ்கிரீம் கடையில் மேல் மூடி திறக்கிற பெட்டி இருக்கிறதே, அதில் நுழையும். பேட்டைப் பருத்தித் துணியில் சுற்றி, கெட்டியான பாலித்தீன் உறையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி டேப் ஒட்டுங்கள். வெளியே எடுத்த பிறகு உடனே உறையைப் பிரிக்கக் கூடாது. இதைத்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். குளிர்ந்த சொம்பின் மேல் வேர்க்கிற மாதிரி மரத்தின் மேலும் வேர்க்கும், உங்கள் ஊற்றுப் பேனா மை அன்றைக்கே போய்விடும். ஒரு முழு நாள் உறையோடு அறையில் கிடக்கட்டும், வேர்வை உறைக்கு வெளியே வேர்த்துவிட்டுப் போகட்டும்.

வேப்பிலை போடு, வசம்பு வை என்பார்கள். எங்கள் பாட்டியும் வைப்பார். வெளியிலிருந்து வருவதைக் கொஞ்சம் தடுக்குமோ என்னவோ, உள்ளே இருப்பது சாகாது. காய்ந்த வேப்பிலையிலேயே பூச்சி வைத்து நான் பார்த்திருக்கிறேன். வெயிலில் போடுவதும் வேண்டாம். பேட் ஒரு பக்கம் காய்ந்து வளையும், அடி விரிசல் நீளும்.

எல்லாம் முடிந்த பிறகு தேன்மெழுகு. நாங்கள் வீணையில் மெட்டுக் கம்பிகளை நிறுத்துவதே மெழுகும் கரித்தூளும் கலந்த மெழுகுக் கட்டில்தான், 24 மெட்டுகளும் அதில்தான் நிற்கும், அதனால் மெழுகு எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். உங்களுக்கு வெறும் மெழுகு போதும். பட்டாணி அளவு எடுத்து, கையில் உருட்டிச் சூடாக்கி, துணியில் தேய்த்து, அந்தத் துணியால் மரத்தைத் தேயுங்கள். மரத்தில் மெழுகு பட்டதே தெரியக் கூடாது. கையெழுத்துப் பக்கம் போகாதீர்கள்.

மாட்டுகிற இடம் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர் தண்ணீர் குடித்து நிற்கும். மழை அடிக்கிற வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுச்சுவரில் மாட்டுங்கள். இரண்டு மரமுளை அடித்து, முளையில் துணி சுற்றி, சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் படுக்கைவசமாக வையுங்கள். காற்று பின்னால் போய் வர வேண்டும். மழைக்காலத்தில் தரையில் நிறுத்தி வைத்தால் அடி மரம் தரை ஈரத்தை உறிஞ்சும். உங்கள் பேட்டின் விரிசல்கூட அப்படி வந்ததாக இருக்கலாம். கண்ணாடிப் பெட்டி செய்து அடைக்க ஆசை வரும். நல்ல காய்ந்த நாளில் அடைத்தால் சரி, மழை நாளில் அடைத்தால் பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.


மன்னை மிட்-ஆஃப்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது கிரிக்கெட் பேட் இல்லை, பேஸ்பால் பேட். நியூ ஜெர்சியில் இருக்கும் என் அத்தை மகன், அங்கே ஒருவர் வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது நாலு டாலருக்கு வாங்கிக் கொடுத்தது. மன்னார்குடியில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நாய் விரட்டத்தான். அப்புறம்தான் விசாரித்தேன்.

மரம் ஆஷ். வில்லோவுக்கு நேர்மாறு, கனமும் கடினமும். லூயிவில் ஸ்லக்கர் என்கிற கம்பெனி. முத்திரையைச் சூட்டுக்கோல் மாதிரி மரத்தில் சுட்டுப் பதித்திருக்கிறார்கள். நடு வட்டத்தில் ஹில்லரிச் அண்ட் பிராட்ஸ்பி என்று இருந்தால் 1916க்கும் 1979க்கும் இடையில் செய்தது, 1980லிருந்து அந்த இடத்தில் லூயிவில் ஸ்லக்கர் என்றே போட்டார்கள். என்னுடையதில் ஹில்லரிச் இருக்கிறது. நாய்களுக்கு அன்றோடு விடுதலை.

அங்கேயும் சேகரிப்பவர்கள் தாத்தா சொன்னதையேதான் சொல்கிறார்கள். உப்புத்தாள் போட்டால் அந்த முத்திரை மழுங்கும், விலை பாதாளத்துக்குப் போகும். ஆட்டக்காரர்கள் பிடி வழுக்காமல் இருக்கப் பூசுகிற பைன் தார் கறுப்பாக அப்பிக்கிடக்கும். பார்த்தால் நமக்குக் கை பரபரக்கும், அவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். ஆடிய பேட் என்பதற்கு அதுதான் சாட்சி. தார் பிடியின் நுனியிலிருந்து 18 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதியே உண்டு. 1983 ஜூலையில் ஜார்ஜ் பிரெட் என்பவர் அடித்த ஹோம் ரன்னை (நம் சிக்ஸர் மாதிரி), தார் அதிகம் என்று சொல்லி நடுவர் செல்லாது என்றார். பிறகு மேல்முறையீட்டில் செல்லும் என்றாகி, ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆடினார்கள். அந்த பேட்டை யாராவது டர்பன்டைன் போட்டுத் துடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

பிடியின் நுனிக் குமிழில் ஆட்டக்காரரின் எண்ணை மார்க்கர் பேனாவில் எழுதியிருப்பார்களாம். ஸ்பிரிட் பட்டால் போய்விடும், அதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னான் அத்தை மகன். என்னுடையதில் எண் எதுவும் இல்லை. யாரோ ஒரு பையனின் பல் தடம்தான் இருக்கிறது, அல்லது நாயினுடையது.


சுவாமிமலை சேகர்:

தை பிறந்து, விசேஷமும் நல்லபடியாக முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கறுப்புக் காகிதத்தில் பத்து நாளில் மூன்று கூம்பு விழுந்திருந்தது. இரண்டு பேட்டுக்குக் கீழே, ஒன்று வீணை வீடு தங்கை சொன்ன மாதிரியே கைப்பிடிக்குக் கீழே. கும்பகோணத்தில் தெரிந்த ஐஸ்கிரீம் கடைக்காரரிடம் கேட்டேன். மழைக்காலம், வியாபாரம் இல்லை, பெட்டி பாதி காலி. "உள்ளே என்ன சார்?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். நீளமாகத் துணியில் சுற்றி உறை போட்டிருந்ததால் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. பதினாறு நாள் குல்ஃபிக்கு அடியில் கிடந்தது. எடுத்து ஒரு நாள் விட்டுப் பிரித்தேன். உறை மேல் தண்ணீர் வழிந்திருந்தது, உள்ளே துணி உலர்ந்தே இருந்தது. மறுபடியும் கறுப்புக் காகிதம், மறுபடியும் பத்து நாள். ஒன்றும் விழவில்லை.

கைப்பிடி தையில் தானே இறுகிவிட்டது, பசைக்கு வேலையே வரவில்லை. நூலை ஆறு தடவை பிரித்துப் பிரித்துச் சுற்றினேன், ஏழாவது தடவை கண் உள்ளே போய்விட்டது. என் மனைவி பார்த்துவிட்டு, "பூத்தொடுக்கக் கத்துக்கச் சொன்னப்ப முடியாதுன்னீங்களே" என்றாள். மெழுகு போட்டதும் நிறம் ஒரு இழை ஆழமாகிவிட்டது. மின்னவில்லை. மாயூரம் சகோ மன்னிக்க வேண்டும்.

அப்பா கூடத்துக்கு வந்து பார்த்தார். கையெழுத்தைத்தான் முதலில் காட்டுவார் என்று அம்மாவும் நானும் காத்திருந்தோம். அவர் கையெழுத்தைப் பார்க்கவே இல்லை. முளையிலிருந்து பேட்டை எடுத்து, ஓரத்தில் இருந்த சிவப்புத் தடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது மன்னார்குடி மேட்ச். எட்ஜ் பட்டுது. கீப்பர் பிடிச்சுட்டான். அம்பயருக்குக் கேட்கலை" என்றார்.

"நீங்க என்ன பண்ணீங்க?" என்றேன்.

"நான் என்ன பண்றது? அம்பயர் சொல்றதுதானே சட்டம்" என்று சொல்லிவிட்டு பேட்டை முளையில் வைத்தார். அன்றைக்கு 43 அடித்தாராம்.


மன்னை மிட்-ஆஃப்:

சேகர் சார், மன்னார்குடி சார்பில் இப்போது அப்பீல் செய்கிறேன். சாட்சி சுவரில் மாட்டியிருக்கிறது.


கீழவாசல் தாத்தா:

அவுட்.